தணிக்கை இருந்தால்தான் நல்ல கலை பிறக்குமா?

கேள்வி: சர்வாதிகார ஆட்சிகளில் தணிக்கைக்குத் தண்ணி காட்டுவதற்காகவே கலைஞர்கள் யோசித்து யோசித்துச் சிறந்த படைப்புகளைத் தந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியைத்தான் எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள்.

சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட காலத்து ஸ்பெயினில் இயக்குநர் லூயிஸ் புனுவல் எடுத்த ‘விரிதியானா’ படத்தைப் பாருங்கள். கன்னியாஸ்திரீ ஆகவிருந்த நாயகி, கடைசியில் முறைப்பையனின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போகிறாள், கதவு சாத்தப்படுகிறது. முதலில் எழுதிய முடிவு இதுதான். தணிக்கை அதிகாரிகள் ஒப்பவில்லை. சரி என்று புனுவல் மாற்றினார்: அவள் போகும்போது வேலைக்காரப் பெண்ணும் உள்ளே இருக்கிறாள், மூவரும் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, முந்தையதைவிட விவகாரமான முடிவு!

1961-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் படம் உயரிய பரிசான தங்கப் பனை வாங்கியது. மேடையேறிப் பரிசைப் பெற்ற ஸ்பெயினின் திரைப்படத் துறைத் தலைவருக்குப் பதவி போயிற்று. வத்திக்கான் நாளிதழ் படத்தைக் கண்டித்திருந்தது. ஸ்பெயின் மக்கள் அதைத் திரையரங்கில் பார்க்க 1977 ஆயிற்று. பிராங்கோ செத்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்தப் பதினாறு வருடக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

வெளிநாட்டுப் படங்களின் கதை இன்னும் வேடிக்கை. அவற்றை ஸ்பானிஷில் டப்பிங் செய்தே காட்ட வேண்டும் என்று 1941-இல் ஆணை வந்தது. கட்டாயம் பிறகு தளர்ந்தாலும் பழக்கம் நிலைத்தது. படத்தைத் தொடாமல் பேச்சை மட்டும் மாற்றினால் போதும். ‘மொகாம்போ’ என்ற ஹாலிவுட் படத்தில் நடிகை கிரேஸ் கெல்லி கணவன் இருக்க இன்னொருவனை விரும்புகிறாள். கள்ளக்காதல் கூடாதே என்று கணவனை அண்ணனாக்கினார்கள். அந்த ‘அண்ணன்’ தங்கையிடம் காட்டும் நெருக்கம் திரையில் அப்படியே இருந்தது. ஒழுக்கத்தைக் காப்பாற்றப் போய் வேறெங்கோ கொண்டுபோய் விட்டார்கள்.

எழுத்தாளர்கள் பக்கம் இவ்வளவு தெளிவில்லை. பின்னாளில் நோபல் வாங்கிய கமிலோ ஹோசே செலா நாற்பதுகளில் தானே தணிக்கை அதிகாரியாகச் சம்பளம் வாங்கியவர். அவருடைய ‘லா கோல்மேனா’ நாவலை ஸ்பெயினில் வெளியிட விடவில்லை. 1951-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரெஸில்தான் அச்சேறியது. வெளிநாட்டில் பதிப்பாளர் கிடைத்ததால் அவர் தப்பினார். எல்லோருக்கும் கிடைத்திருக்குமா?

என்னைக் கேட்டால் 1966 பத்திரிகைச் சட்டம்தான் கெட்டிக்காரத்தனமானது. முன் தணிக்கை கட்டாயமில்லை என்றார்கள். ஆனால் அச்சடித்த பிறகு புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். காகிதம், அச்சுக்கூலி எல்லாம் பதிப்பாளர் தலையில். அதனால் பலர் கையெழுத்துப் பிரதியைத் தாங்களே ‘விருப்பத்தின் பேரில்’ அமைச்சகத்துக்கு அனுப்பி, எதை வெட்டட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.