பூட்லோடரைத் தொடுறதுக்கு முன்னாடி: ரூட், கஸ்டம் ரோம் கேள்வி பதில்

ஜிஞ்சர்பிரெட் (ஆண்ட்ராய்டு 2.3) காலத்துல இருந்து ஆண்ட்ராய்டு போன்களை ஃபிளாஷ் பண்ணிட்டு, அதாவது மென்பொருளை மாத்தி ஏத்திட்டு வர்றேன். ரூட்னா போன்ல நிர்வாகி அதிகாரம், கஸ்டம் ரோம்னா கம்பெனி கொடுக்காத வேற மென்பொருள். ரெண்டுக்கும் பூட்லோடரோட பூட்டைத் திறக்கணும் (அன்லாக்); போன் ஆன் ஆகும்போது முதல்ல ஓடி மென்பொருளை ஏத்தற நிரல்தான் பூட்லோடர். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். ஒரே ஒரு நிபந்தனை: உங்க மாடலோட ஸ்டாக் ஃபர்ம்வேர் (கம்பெனியே கொடுத்த அசல் மென்பொருள்) முழுசா கம்ப்யூட்டர்ல இறங்கி இருக்கணும், அதைத் திரும்ப ஏத்துற வழியும் தெரிஞ்சிருக்கணும். இது ரெண்டும் இல்லாம யாரும் ஆரம்பிக்காதீங்க.

திருச்சி, கல்லூரி மாணவர்: அண்ணா, போன வாரம்தான் பிக்சல் 9ஏ வாங்கினேன். இன்னிக்கே ரூட் பண்ணிடலாமா?

இன்னிக்கு வேண்டாம் தம்பி. முதல்ல போன் நல்ல போன்தானான்னு பாருங்க. ஸ்பீக்கர், மைக், ரெண்டு சிம், வைஃபை, கேமரா, சார்ஜ் ஏறும்போது சூடு, எல்லாத்தையும் ஸ்டாக் மென்பொருள்லயே ஓட்டிப் பாருங்க. கடையில மாத்திக் கேக்கிற நாள் தாண்டட்டும். அன்லாக் பண்ணின போனை எடுத்துட்டுப் போனா, மைக்ல கோளாறுன்னாலும் "நீங்க ரூட் பண்ணினதாலதான்"னு சொல்லி அனுப்பிடுவாங்க.

அதுக்காக போட்டோ, வாட்ஸ்அப் எல்லாம் நிரம்பற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். அன்லாக் பண்ற அந்த நிமிஷத்துல போன்ல இருக்கிற எல்லாம் அழியும். இதுக்கு விதிவிலக்கே இல்ல. பூட்லோடரைத் திறந்து, உள்ள இருக்கிற டேட்டாவை வேற யாரும் பார்த்துடக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க.

பிக்சல்ல வழி நேரானது. செட்டிங்ஸ்ல பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதுல ஓஇஎம் அன்லாக்கிங், யூஎஸ்பி டீபக்கிங் ரெண்டையும் ஆன் பண்ணணும். போனை பூட்லோடருக்குக் கொண்டு போயி, கம்ப்யூட்டர்ல இருந்து ஃபாஸ்ட்பூட் (பூட்லோடருக்குக் கட்டளை அனுப்பற கருவி) வழியா ஃபிளாஷிங் அன்லாக் கட்டளை கொடுத்து, போன் திரையில வால்யூம் பட்டனால உறுதி செய்யணும். அதுக்கப்புறம் கூகுள் வெளியிடுற ஃபேக்டரி இமேஜ்ல (முழு மென்பொருள் தொகுப்பு) இருந்து, போன் தொடங்கும்போது ஓடற இனிட்பூட் கோப்பை மட்டும் எடுத்து, போன்ல மேஜிஸ்க்ங்கிற ரூட் ஆப்ல பேட்ச் பண்ணி (ரூட்டைச் சேர்த்து), திரும்ப ஃபாஸ்ட்பூட்ல ஏத்தினா ரூட். ஆண்ட்ராய்டு 13 அல்லது அதுக்குப் பிறகு வந்த பதிப்போட விற்பனைக்கு வந்த போன்கள்ல இனிட்பூட். அதுக்கு முந்தினதுல பூட் இமேஜ். பழைய வீடியோவைப் பார்த்துட்டு பிக்சல் 9ஏ-ல பூட் இமேஜைப் பேட்ச் பண்ணினா ரூட் வராது.

ஒண்ணை மறக்காதீங்க. போன்ல ஓடுற பில்ட் நம்பரும் நீங்க இறக்குற இமேஜோட பில்ட் நம்பரும் எழுத்து பிசகாம ஒண்ணா இருக்கணும். போன மாசத்து இமேஜைப் பேட்ச் பண்ணி இந்த மாசத்து மென்பொருள் மேல ஏத்திட்டு "போன் பூட் ஆகல"ன்னு கேக்கறவங்கதான் அதிகம்.

கோவை: ரூட்டும் கஸ்டம் ரோமும் ஒண்ணுதானே சார்?

இல்லைங்க. ரூட்னா இருக்கிற மென்பொருள்லயே நிர்வாகி அதிகாரம் வாங்கறது. கஸ்டம் ரோம்னா மென்பொருளையே மாத்தறது. ஒண்ணு இல்லாம இன்னொண்ணு தாராளமா முடியும். லீனியேஜ் ஓஎஸ்ங்கிற கஸ்டம் ரோம் போட்டா அதுல ரூட் கிடையாது, வேணும்னா நீங்கதான் தனியா சேர்த்துக்கணும். ரெண்டுக்கும் பொதுவானது பூட்லோடர் அன்லாக் மட்டும்தான். 2016 கடைசியில சயனோஜென்மாட்ங்கிற பழைய ரோம் மூடப்பட்டப்போ அதோட தொடர்ச்சியா வந்ததுதான் லீனியேஜ். அதே 2016-லதான் ஜான் வூ மேஜிஸ்க்கை வெளியிட்டார். அது சிஸ்டம் பார்ட்டிஷனைத் தொடாது. அதனால வேண்டாம்னு தோணினா பேட்ச் பண்ணாத இமேஜைத் திரும்ப ஏத்தினா போதும், ரூட் போயிடும்.

சேலம், மளிகைக் கடை வச்சிருக்கிறவர்: ரூட் பண்ணினா ஜிபே, போன்பே ஓடுமா? கடை வசூலே அதுலதான்.

அண்ணாச்சி, அப்படின்னா அந்த போனைத் தொடாதீங்க. சுருக்கமான பதில் இதுதான்.

நீளமான பதில்: போன்ல யாராவது கை வச்சிருக்காங்களான்னு ஆப்களுக்குச் சொல்ல, முன்னாடி கூகுளோட சேஃப்டிநெட்னு ஒரு சோதனை இருந்தது. இப்ப அதோட இடத்துல ப்ளே இன்டெக்ரிட்டி. இது அடிப்படை, சாதனம், வலுவானதுன்னு மூணு படியில பதில் சொல்லும். எந்தப் படி வேணும்னு ஒவ்வொரு ஆப்பும் தானே முடிவு பண்ணும். ஒரு வங்கி ஆப் அடிப்படையோட விட்டுடும். இன்னொண்ணு ரூட்டே இல்லாட்டிக்கூட பூட்லோடர் திறந்திருக்குன்னு தெரிஞ்சாலே மூடிக்கும். 2025 மே மாசத்துல இருந்து ஆண்ட்ராய்டு 13, அதுக்கு மேல இருக்கிற போன்கள்ல 'சாதனம்' படிக்கே போன் சிப்ல இருந்து வர்ற சான்று வேணும்னு கூகுள் இறுக்கிடுச்சு. முன்ன மாதிரி போன் பேரை மாத்திச் சொல்லி ஏமாத்தறது எடுபடாது.

இதைத் தாண்ட மாட்யூல்கள் (மேஜிஸ்க்ல சேர்க்கிற துணை நிரல்கள்) இருக்கு, உண்மைதான். ஆனா அதுல பலதும் எங்கேயோ கசிஞ்ச சான்றிதழை நம்பி ஓடுது. கூகுள் அதை ரத்து பண்ற அன்னிக்கு எல்லாரோட போன்லயும் ஒரே நேரத்துல பேமென்ட் நிக்கும். பெட்ரோல் பங்க்ல வரிசையில நிக்கும்போது அது நடந்தா என்ன பண்ணுவீங்க? வங்கியில பதிவான சிம்மை ஸ்டாக்ல ஓடுற ஒரு சாதா போன்ல போட்டு வச்சிட்டு, இந்த ரூட் விளையாட்டெல்லாம் வேற போன்ல வச்சுக்கிறதுதான் நான் எல்லாருக்கும் சொல்ற வழி.

மதுரை: ப்ரோ, ரெட்மி புது மாடல். அன்லாக் பண்ண அனுமதி கேட்டா தினமும் "கோட்டா முடிஞ்சது"ன்னு வருது.

ஹைப்பர் ஓஎஸ்ங்கிற புது மென்பொருள் வந்த பிறகு, ரெட்மியைத் தயாரிக்கிற ஷாவ்மி ரொம்ப இறுக்கிடுச்சு. முன்னாடி 168 மணி நேரம் காத்திருந்தா போதும். இப்ப கணக்கு தொடங்கி 30 நாளாவது ஆகியிருக்கணும், ஷாவ்மி கம்யூனிட்டி ஆப்ல விண்ணப்பிக்கணும், அதுக்கும் தினசரி அளவு உண்டு. அந்த அளவு பெய்ஜிங் நேரப்படி நள்ளிரவுல புதுசாகும். நம்ம ஊர்ல ராத்திரி 9.30 மணி. அந்த நொடியே அமுக்கணும், தட்கல் டிக்கெட் கதைதான். அனுமதி கிடைச்ச பிறகும் காத்திருக்கிற காலம் தனி. அது முடியறதுக்குள்ள கணக்குல இருந்து வெளியேறினா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அன்லாக் டூல் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்.

"காசு கொடுங்க, உடனே திறந்து தர்றேன்"னு சொல்றவங்ககிட்ட போகாதீங்க. போனையும் கணக்கையும் ரிமோட்ல அவங்க கையில கொடுக்கிறதுதான் அதுல நடக்குது.

இன்னொண்ணு, ஷாவ்மி போன்ல பழைய பதிப்புக்கு இறங்கறதுக்கு முன்னாடி ஆன்டி ரோல்பேக் எண்ணை (பழைய பதிப்புக்குத் திரும்பறதைத் தடுக்கிறது) பாருங்க. 2018-ல ரெட்மி நோட் 5 ப்ரோ வச்சிருந்தவங்க பலர் ஷாவ்மியோட மியூஐ மென்பொருள்ல பழைய பதிப்பை ஏத்தி, போனை ஒரேயடியா சாகடிச்சாங்க. பிக்சலும் இதுக்கு விலக்கில்ல. 2022 ஆகஸ்ட்ல ஆண்ட்ராய்டு 13 ஏத்தின பிக்சல் 6 வரிசை போன்கள் 12-க்குத் திரும்ப முடியாம போச்சு.

சென்னை: சாம்சங் போனைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

சொன்னா மனசு வலிக்கும். சாம்சங்ல நாக்ஸ்னு ஒரு ஃபியூஸ் இருக்கு. அதிகாரப்பூர்வம் இல்லாத மென்பொருளை ஒரு தடவை ஏத்தினா அது எரியும். ஸ்டாக்குக்குத் திரும்பினாலும் அது திரும்பாது. செக்யூர் ஃபோல்டர், சாம்சங் வாலட்ல கார்டு பேமென்ட் எல்லாம் அந்தப் போன்ல அத்தோட முடிஞ்சது. பழைய கேலக்ஸிக்கு ரோம் போட்டு உயிர் கொடுக்கலாம், அது வேற. ஆனா 2025-ல ஒன் யூஐ 8 வந்ததும் அன்லாக் பண்ற வசதியையே எடுத்துட்டாங்க. புது கேலக்ஸியை ரூட் பண்ணணும்னே வாங்கறதா இருந்தா வாங்காதீங்க.

தஞ்சாவூர்: விவோ?

அதிகாரப்பூர்வ வழி கிடையாது. விட்டுடுங்க.

நாகர்கோவில்: அமெரிக்காவில இருந்து மாமா பிக்சல் வாங்கிட்டு வந்தார். ஓஇஎம் அன்லாக்கிங் பட்டன் மங்கலா இருக்கு, தொடவே முடியல அண்ணா.

முதல்ல வைஃபையில போட்டு, ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பாருங்க. சில நேரம் இன்டர்நெட் இல்லாததாலயும் அப்படி இருக்கும். அப்பவும் மங்கலா இருந்தா, மாமா வாங்கினது வெரைசன் மாடலா இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திறக்க முடியாது. எந்த நெட்வொர்க் சிம் போட்டாலும் எடுக்குதுன்னா அது சிம் அன்லாக். பூட்லோடர் பூட்டு வேற. அடுத்த தடவை மாமாகிட்ட கூகுள் ஸ்டோர்ல நேரா வாங்கச் சொல்லுங்க.

ஈரோடு: கஸ்டம் ரோம் போட்டேன். நெட் ஓடுது, கால் மட்டும் போகல. ஜியோ சிம்.

இது நம்ம ஊருக்கே உரிய தலைவலி. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேசறதெல்லாம் பெரும்பாலும் வோல்டி (4ஜி வழியாவே குரலை அனுப்பற முறை) வழியாத்தான். வோல்டி ஓட, போன் தயாரிச்ச நிறுவனத்தோட ஐஎம்எஸ் கோப்புகள் (இந்தக் காலை நடத்தறது) ரோம்ல சரியா சேர்ந்திருக்கணும். ஐரோப்பாவுல உக்காந்து ரோம் செய்யறவர் தன் சிம்ல சோதிச்சுப் பார்த்துட்டு "கால் ஓடுது"ன்னு எழுதுவார். அவருக்கு வோல்டி விழுந்தா போன் 2ஜி-க்கு இறங்கிக்கும், உங்களுக்கு இறங்க இடமே இல்ல. ஏர்டெல் சிம் போட்டுப் பாருங்க. அதுல கால் சரியா போகுதுன்னா காரணம் இதுதான். ஃபர்ம்வேர் பதிப்பு ரோம் கேக்கிறதோட பொருந்துதான்னும் பாருங்க. பழைய மோடம் (நெட்வொர்க் சிப்) ஃபர்ம்வேர் மேல புது ரோம் ஏத்தினாலும் இதே நோய் வரும்.

ரோம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதல்ல தேடறது ஸ்கிரீன்ஷாட்டை இல்ல; இந்திய சிம்ல வோல்டி ஓடுதுன்னு அதே மாடல் வச்சிருக்கிற யாராவது சொல்லியிருக்காங்களான்னு. அடுத்தது கேமரா. அதுக்கு அடுத்தது வைட்வைன்ங்கிற வீடியோ பாதுகாப்பு முறை: சில போன்கள்ல அன்லாக் பண்ணினதும் எல்1-ல இருந்து எல்3-க்கு இறங்கிடும், அப்புறம் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில வராது.

விருதுநகர்: எனக்கு வேண்டியது மூணுதான். விளம்பரம் வரக் கூடாது, கம்பெனி போட்டு அனுப்பின ஆப்களைத் தூக்கணும், கால் ரெக்கார்ட் ஆகணும்.

முதல் ரெண்டுக்கு ரூட்டே வேண்டாம். ஆண்ட்ராய்டு 9-ல இருந்து பிரைவேட் டிஎன்எஸ் இருக்கு. அதுல விளம்பரம் தடுக்கிற டிஎன்எஸ் ஒண்ணைப் போட்டா பெரும்பாலான விளம்பரம் நிக்கும். யூடியூப் விளம்பரம் மட்டும் இதுல போகாது. தேவையில்லாத ஆப்களை கம்ப்யூட்டர்ல இருந்து கொடுக்கிற ஏடிபி கட்டளையில உங்க கணக்குல இருந்து நீக்கலாம். தப்பா எதையாவது நீக்கினா ஃபேக்டரி ரீசெட்டுல திரும்பி வரும்.

மூணாவதுதான் சிக்கல். 2022 மே மாசத்துல அக்சசிபிலிட்டி வழியா கால் பதியற ஆப்களை ப்ளே ஸ்டோர்ல கூகுள் தடுத்துட்டது. கூகுள் டயலர்ல பதிஞ்சா எதிர்ல இருக்கிறவருக்கு அறிவிப்பு போகும். ரூட்ல பிசிஆர்னு ஒரு மாட்யூல் இதைச் சுத்தமா செய்யும். ஆனா இந்த ஒண்ணுக்காக வங்கி ஆப்பை இழக்கணுமான்னு யோசிச்சுக்குங்க. பேசறவர்கிட்ட சொல்லிட்டுப் பதியறது மரியாதை.

வேலூர்: மேஜிஸ்க் மாட்யூல் ஒண்ணு போட்டேன் ப்ரோ, இப்ப லோகோலயே நிக்குது. எல்லாம் போச்சா?

ஒண்ணும் போகல. லோகோ சுத்தும்போது வால்யூம் டவுனை அமுக்கிப் பிடிச்சு சேஃப் மோடுக்குப் போங்க; மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் அணைச்சிடும். அப்புறம் சாதாரணமா ரீஸ்டார்ட் பண்ணுங்க. அதுவும் ஆகலைன்னா பேட்ச் பண்ணாத இமேஜை ஃபாஸ்ட்பூட்ல ஏத்துங்க, டேட்டா அப்படியே இருக்கும். ஃபாஸ்ட்பூட் திரை வர்ற வரைக்கும் போன் சாகலைன்னுதான் அர்த்தம். பதற்றத்துல ரீலாக் மட்டும் கொடுத்துடாதீங்க. மாத்தின மென்பொருள் உள்ள இருக்கும்போது பூட்லோடரைப் பூட்டினா, அந்த மென்பொருளைப் போன் ஏத்துக்காது. ஃபாஸ்ட்பூட்டும் எதையும் எழுத விடாது.

கடலூர்: ஃபிளாஷ் பண்ணினதும் ஐஎம்இஐ (போனோட அடையாள எண்) காணோம். கடையில எழுதித் தர்றேன்னு சொல்றாங்க.

கடைக்காரர் கையால வேற எண் எழுத விடாதீங்க. ஐஎம்இஐ-ஐ மாத்தறது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உள்ள குற்றம். முதல்ல முழு ஸ்டாக் ஃபர்ம்வேரை ஏத்திப் பாருங்க, பல நேரம் மோடம் ஃபர்ம்வேர் பொருந்தாததுதான் காரணம். அதுலயும் வரலைன்னா பில்லோட சர்வீஸ் சென்டர். மத்தவங்க கவனத்துக்கு: ரூட் கிடைச்சதும் முதல் வேலையா ஐஎம்இஐ மாதிரி போனோட சொந்த விவரங்கள் இருக்கிற ஈஎஃப்எஸ், பெர்சிஸ்ட் பார்ட்டிஷன்களைக் காப்பி எடுத்து போனுக்கு வெளிய வையுங்க. அது உங்க போனுக்கு மட்டுமே உரியது, இன்னொருத்தர்கிட்ட வாங்கவே முடியாது.

புதுச்சேரி: அம்மாவுக்குப் பழைய ஒன்பிளஸ் 6-ஐ கொடுக்கலாம்னு. லீனியேஜ் போட்டா தமிழ் சரியா வருமா?

தமிழ் பத்திக் கவலையே வேண்டாம், எழுத்துரு ஆண்ட்ராய்டுலயே இருக்கு. நான் ஆரம்பிச்ச காலத்துல நிலைமை வேற. பல போன்கள்ல தமிழ் கட்டம் கட்டமாத்தான் தெரியும்; ஓபரா மினியில செட்டிங்கை மாத்தி எழுத்தைப் படமா வரவழைச்சுப் படிப்போம். நம்ம ஆட்கள் நிறைய பேர் அன்னிக்கு ரூட்டைக் கத்துக்கிட்டதே தமிழ் எழுத்துரு போடறதுக்குத்தான்.

ஒன்பிளஸ் 6 நல்ல தேர்வு. நிறுவனம் ஆண்ட்ராய்டு 11-ஓட கைவிட்டதுக்கு லீனியேஜ் 22 மூலமா ஆண்ட்ராய்டு 15-ஏ வந்தது. கூகுள் ஆப்கள் வேணும்னா ரோம் ஏத்தின கையோட, முதல் பூட்டுக்கு முன்னாடியே சேர்த்துடணும். பூட் ஆன பிறகு சேர்த்தா தகராறு பண்ணும். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க: புது ரோம் வந்தாலும் மோடம், சிப் ஃபர்ம்வேர் எல்லாம் நிறுவனம் கடைசியா கொடுத்ததுதான். பூட்லோடரும் திறந்தே இருக்கும், அதாவது திண்ணையிலேயே சாவியை வச்சிட்டுப் போற வீடு. அம்மா பாட்டு கேக்க, வீடியோ கால் பேச நல்லா இருக்கும். வங்கி வேலைக்கு வேண்டாம்.

பெங்களூர்: கஸ்டம் ரோமும் வேணும், பூட்லோடரும் பூட்டியே இருக்கணும். நடக்குமா?

பிக்சல் வச்சிருந்தா நடக்கும். கிராஃபீன் ஓஎஸ் போட்டு அதோட சொந்தச் சாவியால திரும்பப் பூட்டலாம்; பூட் ஆகும்போது மஞ்சள் எச்சரிக்கை வரும், அது இயல்புதான். ரூட் மட்டும் கேக்காதீங்க, அந்த ரோம் இருக்கிறதே பாதுகாப்புக்காக. பிக்சலுக்கான சில மூலக் கோப்புகளை ஆண்ட்ராய்டு 16-ல இருந்து கூகுள் வெளியிடறதை நிறுத்திட்டதால ரோம் செய்யறவங்களுக்கு வேலை கூடியிருக்கு.

திருப்பூர்: ரூட் பண்ணின போனை விக்கப் போறேன். அப்படியே கொடுத்துடலாமா?

வேண்டாம். கூகுள் கணக்கை நீக்குங்க. முழு ஸ்டாக் ஃபர்ம்வேரையும் ஏத்தி, பூட் ஆகி, கால் போகுதான்னு பாருங்க. அதுக்கப்புறம்தான் பூட்லோடரை லாக் பண்ணணும். லாக் பண்ணும்போது இன்னொரு தடவை எல்லாம் அழியும், அது உங்களுக்கு நல்லதுதான். சாம்சங்னா நாக்ஸ் எரிஞ்சதை வாங்கறவர்கிட்ட சொல்லிடுங்க. டவுன்லோட் மோடுல போய்ப் பார்த்தா அவருக்கே தெரிஞ்சிடும்.