150 சிசி எஞ்சினுக்கு 60 பல்லா? கோ-கார்ட் கட்டும் தம்பிக்கு ஒரு கணக்கு

முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணை, தண்ணீர் பம்பின் 6.5 குதிரைவலு எஞ்சினைப் பூட்டி ஒரு கோ-கார்ட் (சின்னத் திறந்த நாலுசில்லு வண்டி) ஓடுகிறோம். செயின் ஓடும் பற்சக்கரத்தில் (ஸ்புறொக்கற்) எஞ்சின் பக்கம் 10 பல், பின் அச்சில் 60 பல். பின் ரயர் 11 அங்குலம். இப்ப அடிபட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றின் 150 சிசி எஞ்சின் ஐந்து கியரோடு கிடைத்திருக்கு. அதில் முன்னுக்கு 15 பல். பின்னுக்கு அந்த 60-ஐயே விடலாமா? பல் கூடினால் இழுவை கூடும் என்கிறார்கள். நெல் காயவிடும் தளமும் அதோடு ஒட்டின கிரவல் பாதையும்தான் எங்கட இடம். நேராக 120 மீற்றர் வரும்."

விடாதேங்கோ தம்பி. விட்டால் எஞ்சின் மாற்றின பிறகும் பழைய வேகத்திலேயேதான் ஓடுவியள்.

எப்படி என்று பாருங்கோ. 11 அங்குல ரயர் ஒரு சுற்றுக்கு 0.88 மீற்றர் உருளும். பம்ப் எஞ்சினை, வேகத்தை மட்டுப்படுத்தும் கவர்னர் நிமிடத்துக்கு 3600 சுற்றோடு மறித்துவிடும். 60-ஐ 10-ஆல் பிரித்தால் 6. ஆக, சில்லு நிமிடத்துக்கு 600 தரம் சுற்றும். மணிக்கு 32 கிலோமீற்றர் போவியள். இது உங்களுக்கே தெரிந்த வேகமாக இருக்கும்.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் 8000 சுற்று வரை போகும். ஆனால் கிராங்க் (எஞ்சினின் பிரதான தண்டு) சுற்றுகிற வேகத்தில் அதன் ஸ்புறொக்கற் சுற்றாது. கிராங்கிலிருந்து கிளச்சுக்கு ஒரு வேகக் குறைப்பு, அதன் பிறகு கியர்பெட்டி என்று எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடக்கும். அது எவ்வளவு என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஐந்தாவது கியரில் போட்டு, மக்னெற்றோ (எஞ்சினுக்கு மின்சாரம் தரும் பகுதி) பக்கத்து கிராங்க் நட்டில் சாவி வைத்துச் சுற்றுங்கோ. ஸ்புறொக்கற்றில் ஒரு பல்லுக்குச் சோக்கால் கோடு போட்டு, அது பத்துத் தரம் சுற்றி வர கிராங்க் எத்தனை தரம் சுற்றினது என்று எண்ணுங்கோ. 32 வந்தது என்று வைப்போம். அப்ப உள்குறைப்பு 3.2. உங்கட எஞ்சினில் வேறு எண் வந்தால் கீழே உள்ள கணக்கில் அதைப் போடுங்கோ.

15-க்கு 60 என்றால் 4. அதை 3.2-ஆல் பெருக்க 12.8. 8000-ஐ 12.8-ஆல் பிரித்தால் சில்லுக்கு நிமிடத்துக்கு 625 சுற்று. மணிக்கு 33 கிலோமீற்றர். இவ்வளவு பாடுபட்டு ஒரு கிலோமீற்றர் லாபம். சத்தம் மட்டும் இரண்டு மடங்கு.

இதே எஞ்சின் மோட்டார் சைக்கிளில் பறந்ததே என்பீர்கள். அங்கே சில்லு ஒரு சுற்றுக்கு 1.9 மீற்றரளவு உருளும். சில்லும் ஒரு கியர்தான். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அதனால் பல்லை மட்டும் எண்ணாமல், வண்டி ஒரு மீற்றர் நகர எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்ப்பதுதான் என் வழக்கம். 60 பல்லோடு உங்கட கார்ட்டில் அது 14.5 வரும். இழுவை என்று நீங்கள் கேட்டது இதுதான். ஆனால் உங்கட எஞ்சினில் முதலாம் கியர், இரண்டாம் கியர் எதற்கு இருக்கு? புறப்படுகிற இழுவையை அவை தரட்டும். ஸ்புறொக்கற்றை வேகத்துக்குத் தெரிவு செய்யுங்கோ.

எவ்வளவு வேகம்? அதைத் தீர்மானிக்கிறது எஞ்சின் இல்லை, பிறேக். பின் அச்சில் மட்டும் பிறேக் இருக்கிற வண்டி, கிரவலில் 55 கிலோமீற்றரிலிருந்து நிற்க 40 மீற்றர் எடுக்கும். 120 மீற்றர் பாதையில் அதற்கு மேல் அதிகம் ஆசைப்பட நான் சொல்லமாட்டேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இதில் போகிற எண்ணமும் வேண்டாம். பதிவில்லாத வண்டிக்கு அந்தக் கோயில் இருக்கிற ஏ9 வீதியில் இடமில்லை.

55-க்குக் கணக்குப் போட்டால் மொத்தக் குறைப்பு 7.7. அதை 3.2-ஆல் பிரிக்க 2.4. முன்னுக்கு 15 என்றால் பின்னுக்கு 36 பல். சரியாக 36 அகப்படாவிட்டால் 35-உம் பரவாயில்லை, 38-உம் பரவாயில்லை. பின்னுக்கு லேத்தில் கொடுத்து ஒருமுறை சரியாகப் பொருத்தின பிறகு அதைத் தொடாதேங்கோ. மாற்றிப் பார்க்க வேண்டியது முன்பக்கம். 14 போட்டால் 51 கிலோமீற்றர், 16 போட்டால் 59. இரண்டையும் வாங்கி வைத்தால் போதும், அச்சைக் கழற்றுகிற வேலை இல்லை.

இன்னொரு நன்மை. செயின் கல்லில் அடிபடுகிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடிபடும். கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலத் தூரமுள்ள செயினில் 60 பல் ஸ்புறொக்கற்றின் விட்டம் 25 சென்ரிமீற்றர் வரும். உங்கட ரயர் 28. நிலத்துக்கும் பல்லுக்கும் இடையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான். 36 பல் என்றால் ஆறரை ஆகும்.

செயினில் ஒரு சிக்கல் இருக்கு. பம்ப் எஞ்சின் கிளச்சோடு வருகிற 420 செயினுக்கும் மோட்டார் சைக்கிளின் 428-க்கும் கண்ணிக்குக் கண்ணி தூரம் ஒன்றேதான், 12.7 மில்லிமீற்றர். அகலம் வேறு. 428 செயின் பழைய மெல்லிய பல்லில் ஏறி ஓடும்; அதை நம்பி நானும் ஒருக்கால் ஓடவிட்டேன். பக்கவாட்டில் ஆடி ஆடி, மூன்றாம் நாள் வளைவில் கழன்றது. முன்னும் பின்னும் செயினும் 428 ஆகவே போடுங்கோ.

இந்த எஞ்சின் காற்றில் குளிர்கிறது. இருக்கைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தாழ்ந்த கியரில் கத்தவிட்டால், சோளகம் வீசுகிற ஆடி வெயிலில் பத்து நிமிடத்தில் சூடேறிவிடும். தகரத்தை வளைத்து முன்காற்றை சிலிண்டர் பக்கம் திருப்புங்கோ. காற்று வடிகட்டியைச் செம்புழுதிக்கு எட்டாத உயரத்தில் வையுங்கோ.

முதல் நாள் தளத்தில் மட்டும் ஓடிப் பாருங்கோ. நேர்ப்பாதை முடிகிற இடத்தில் ஐந்தாவது கியர் ஏறாமல் திணறினால் 14-ஐப் போடுங்கோ. பாதிப் பாதையிலேயே எஞ்சின் கத்தி முடிந்துவிட்டால் 16. பிறேக்கை அதற்கு முதல் ஒருக்கால் காட்டுங்கோ, படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.