ஆங்கிலேயப் பப்பில் ரியல் ஏலும் வயிறார உணவும்: போவது வீணா?

கேள்வி: "அலுவலக வேலையாக முதல்முறை இங்கிலாந்து போகிறேன். பழைய பாணி பப் ஒன்றில் ரியல் ஏல் அருந்தி, அங்கேயே வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று ஆசை. ஆனால் அந்த பீர் சூடாகவும் நுரையில்லாமலும் இருக்கும், சாப்பாடு சப்பென்று இருக்கும், நம்மவர்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். போகலாமா?"

தாராளமாகப் போங்கள். உங்கள் நண்பர்கள் சொன்ன இந்த மூன்றையும் நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். சொல்பவர்களில் பெரும்பாலோர் விமான நிலையத்தில் ஒரு கிளாஸ் லாகர் (நன்றாகக் குளிரவைத்துத் தரும் வெளிர் பீர்) குடித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள ஷெஃபீல்டில் முதுகலை படித்த காலத்தில் ஒரு பப்பில் பகுதிநேர வேலை பார்த்து, பிறகு அந்த ஊரிலேயே தங்கிவிட்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மதுவுக்கு ஆள் சேர்ப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குடி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். குடிக்காதவர் குடிக்கத் தொடங்க வேண்டும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். கேட்டவர் ஏற்கெனவே அருந்துபவர் என்று எடுத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் 'சூடான பீர்'. எந்தப் பப்பிலும் பீரைச் சூடாகத் தருவதில்லை. ரியல் ஏல் நிலவறையின் குளிர்ச்சியில், ஏறக்குறைய 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வரும். பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த லாகரையே பீர் என்று பழகிய நாக்குக்கு அது சூடாகத் தோன்றுகிறது. முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டின் ரொட்டி மணமும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் அந்தப் பதத்தில்தான் தனித்தனியாகத் தெரியும். அதோடு, இது ஆலையிலேயே முடிந்துபோன சரக்கு அல்ல. வடிகட்டாமல், பாஸ்டுரைஸ் செய்யாமல், ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். இரண்டாவது நொதித்தல் அந்தப் பீப்பாய்க்குள்ளேயே நடக்கிறது. அரைத்து வைத்த இட்லி மாவைப் போல, பக்குவம் வந்த நேரத்தில் எடுத்தால் அமிர்தம், தாண்டவிட்டால் புளிப்பு. அந்தப் பக்குவத்தைக் காப்பது பப்காரரின் பொறுப்பு.

நான் வேலை பார்த்த பப்பை நடத்திய அம்மையார் அறுபதைக் கடந்தவர். என்னை முதலில் கிளாஸ் கழுவத்தான் எடுத்தார். சில மாதங்களில் நிலவறைக்கு அழைத்துப் போனார். அங்கே 9 காலன் பீப்பாய்கள், அதாவது ஒவ்வொன்றும் 72 பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) கொள்பவை, சட்டத்தின் மேல் படுத்த வாக்கில் ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்தப்பட்டிருக்கும். பீப்பாயின் வயிற்றுப் பகுதியில் மேல்நோக்கி இருக்கும் மூடியில் நுண்துளைகள் கொண்ட மென்மரக் குச்சி ஒன்றை அடித்து இறக்குவார். உள்ளே சேர்ந்திருந்த வாயு அதன் வழியாக நுரைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த நுரையைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வேகம் குறைந்ததும் அதை எடுத்துவிட்டு, காற்றுப் புகாத கடின மரக் குச்சியைச் செருகுவார். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தை நினைத்து நான் பரபரத்தால், "இரு, அது இன்னும் அடங்கவில்லை" என்பார். அடுத்தது குழாய். முன்பக்கத்து அடைப்பின் மேல் குழாயை வைத்து மரச்சுத்தியலால் ஒரே அடி அடிக்க வேண்டும். கை தயங்கினால் ஏல் பீய்ச்சி அடித்துவிடும். அதன் பிறகு மண்டி அடியில் படியும்வரை, பெரும்பாலும் ஒரு முழுநாள், தொடாமல் விட வேண்டும். மறுநாள் அவர் கொஞ்சம் பிடித்து, விளக்குக்கு நேரே உயர்த்தி, கிளாஸுக்குப் பின்னால் தன் விரல் ரேகை தெரிகிறதா என்று பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் அருந்திய பிறகுதான் மேலே கவுன்டரில் ஏலை இழுத்து ஊற்றும் கைப்பம்போடு குழாயை இணைக்கச் சொல்வார். இவ்வளவு செய்தும், திறந்த பீப்பாயில் ஏல் குறையக் குறையக் காற்று உள்ளே போகும் என்பதால், மூன்று நாள் அளவில் அதைத் தீர்த்தாக வேண்டும். இத்தனை உழைப்பை அறியாமல் 'கெட்டுப்போன பீர்' என்று ஒரு சொல்லில் ஒதுக்குவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நுரை ஊருக்கு ஊர் மாறும். யார்க்‌ஷயரில் கைப்பம்பின் மூக்கில் சிறு துளைகள் உள்ள ஒரு முனையைத் திருகுவார்கள். அதன் வழியாக அழுத்தி இறங்கும் ஏல் பாலாடை போன்ற கெட்டியான நுரையோடு நிற்கும். தெற்கே பெரும்பாலும் அந்த முனை இல்லாமல் ஊற்றுவதால் மேலே மெல்லிய படலம் மட்டுமே இருக்கும். எது சரி என்று இரு பக்கத்தாரும் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு வடக்கின் முறைதான் பிடிக்கும்.

இந்த ஏல் இன்றுவரை பிழைத்திருப்பதே ஒரு போராட்டத்தின் பயன். 1960களில் பெரிய ஆலைகள் வடிகட்டி, பாஸ்டுரைஸ் செய்து, உலோகப் பீப்பாயிலிருந்து கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் தள்ளும் கெக் பீரையே நாடெங்கும் பரப்பின. அதைப் பராமரிக்க நிலவறைத் திறமை தேவையில்லை என்பதே காரணம். 1971இல் அயர்லாந்துக்கு விடுமுறையில் போயிருந்த நான்கு இளைஞர்கள் அதை எதிர்க்கத் தொடங்கிய அமைப்புதான் கேம்ரா (ரியல் ஏலுக்கான இயக்கம்). எங்கள் ஷெஃபீல்டில் கெலம் ஐலண்ட் பகுதியின் ஃபேட் கேட் பப் 1981இல் ரியல் ஏலை நம்பியே திறக்கப்பட்டது. அதன் பக்கத்தில் 1990இல் தொடங்கிய ஆலையின் பேல் ரைடர் என்ற ஏல் 2004இல் கேம்ராவின் பிரிட்டன் சாம்பியன் பீர் பரிசை வென்றது. 2022இல் அந்த ஆலை மூடப்படுகிறது என்ற செய்தி வந்தபோது ஊரே கலங்கியது. டெர்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் ஆலை பேல் ரைடரை ஏற்றுக்கொண்டதால் அதை இன்றும் அருந்த முடிகிறது.

நம்மவர்களை எப்படிப் பார்ப்பார்கள் என்ற அச்சத்துக்கு வருகிறேன். இதை வீண் பயம் என்று நான் தள்ள மாட்டேன், ஏனென்றால் அதற்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள ஸ்மெத்திக்கில் 1960களில் இந்தியத் தொழிலாளர்களையும் கறுப்பினத்தவரையும் பப்பின் நல்ல அறைகளில் உட்காரவிட மாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோல் அதற்கு எதிராகத் தொடர்ந்து போராடினார். 1965 பிப்ரவரியில், தான் கொல்லப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே வந்து அவரோடு ஒரு பப்புக்குப் போனார். பொது இடங்களில் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அதே ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இன்று அந்தப் பகுதியில் பஞ்சாபிகளே நடத்தும் பப்புகளில் ஏலும் தந்தூரிக் கறியும் ஒரே மேசைக்கு வருகின்றன. கால்பந்து ஆட்ட நாளில் அரங்கத்தை ஒட்டிய பப்பை மட்டும் நான் தவிர்ப்பேன். மற்றபடி உங்களைப் புதியவராகப் பார்ப்பார்களே தவிர, வேண்டாதவராக அல்ல. கவுன்டரில் நின்று "இன்று எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து பதில் சொல்வார்.

இனிச் சாப்பாடு. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் மதுவைத் தொடாதவர். ஒரு ஞாயிறு மதியம் ஷெஃபீல்டை ஒட்டிய மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்டில் கிராமம் ஒன்றின் பப்புக்கு அவரை அழைத்துப் போனேன். "மாப்பிள்ளை, சாராயக் கடைக்கா கூட்டிப் போகிறீர்கள்?" என்று வழியெல்லாம் வருத்தப்பட்டார். உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் பேரக் குழந்தைகளோடு ஒரு பாட்டி, மேசைக்கு அடியில் ஈரக் காலோடு ஒரு நாய். மாமா லைம் சோடாவோடு உட்கார்ந்தார். வறுத்த கோழி, வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவுமாக இருந்த உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், கேரட், முட்டை சேர்த்த மாவில் சுட்டு, கிண்ணம் போல உப்பிய யார்க்‌ஷயர் புட்டிங், அதன் குழியில் ஊற்றிக்கொள்ளத் தனி ஜாடியில் கிரேவி. காரம் இல்லையே என்று அவர் தயங்கியபோது ஆங்கிலக் கடுகு விழுதை நகர்த்தி வைத்தேன். ஒரு துளி எடுத்ததும் நெடி மூக்கில் ஏறிக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். சப்பென்று இருக்கும் என்பவர்கள் அந்தக் கடுகைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். இந்தச் சமையலின் பலம் மசாலாவில் இல்லை. நல்ல இறைச்சி, பொறுமையான நெருப்பு, சட்டியில் வடிந்த சாறு ஆகியவற்றில் இருக்கிறது.

இங்கே என் நெடுநாள் மனக்குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்டேக் அண்ட் ஏல் பை (ஏலில் வேகவைத்த மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடும் பண்டம்) கேட்டால் அடியிலும் பக்கத்திலும் மேலேயும் மாவு சூழ்ந்த பை வர வேண்டும். அடிமாவு கிரேவியில் ஊறி இருப்பதுதான் அதன் உயிர். ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு பப்பில், கிண்ணத்துக் குழம்பின் மேல் தனியாகச் சுட்ட மாவுப் பலகை ஒன்றை மிதக்கவிட்டு, அதையே பை என்று தந்தார்கள். குழம்பின் நடுப்பகுதி மட்டும் கொதித்து, ஓரம் குளிர்ந்திருந்தது. காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது சமைப்பவருக்கும் உண்பவருக்கும் அவமரியாதை. எனவே ஆர்டர் சொல்வதற்கு முன் பை முழுவதும் மாவு சூழ்ந்ததா, அங்கேயே செய்ததா என்று கேளுங்கள். நல்ல பப்பில் அந்தக் கேள்வியால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நீங்கள் சைவம் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஏலைத் தெளிய வைக்கப் பல ஆலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கின்றன. சேர்க்காதவையும் இப்போது நிறைய உண்டு, விசாரித்தால் சொல்வார்கள். யார்க்‌ஷயரில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் இருக்கின்றன, யார்க்‌ஷயர் புட்டிங்கையும் அப்படிச் சுடுவது உண்டு.

பப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் வயதுக்கு மயங்காதீர்கள். லண்டனில் இருந்தால் சதர்க்கில் 1677இல் மீண்டும் கட்டப்பட்ட ஜார்ஜ் இன்னின் மர மாடங்களைக் கட்டாயம் பாருங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஏலின் தரம் விற்பனை வேகத்தைப் பொறுத்தது. ஆளில்லாத பப்பில் எட்டுக் கைப்பம்பு வரிசையாக நிற்பதைவிட, கூட்டமுள்ள பப்பில் இரண்டு இருப்பது மேல். மேசையில் உட்கார்ந்து காத்திருக்காமல் கவுன்டருக்குப் போய், ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். முதலில் அரை பைன்ட் போதும். வடக்கே டிமதி டெய்லரின் லேண்ட்லார்ட், தெற்கே ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட் ஆகிய ஏல்கள் கிடைத்தால் விடாதீர்கள். வினிகர் வாடை அடித்தால் உடனே திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள். உணவுக்கும் பல பப்புகளில் மேசை எண்ணைக் கவுன்டரில் சொல்லித்தான் பணம் கட்ட வேண்டும். மதியம் இரண்டரைக்கு மேல் ஆறு மணிவரை பல சமையலறைகள் மூடிவிடும். மாமாவோடு சாப்பிட்டதாகச் சொன்னேனே, அந்த ஞாயிறு ரோஸ்ட் மாலைக்குள் தீர்ந்துபோகும் என்பதால், இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் மேசை சொல்லிவைத்துவிடுங்கள்.