பன்றியா கன்றுக்குட்டியா? பகல்-இரவு டிஜிட்டல் ஸ்கோப் கேள்வி பதில்

டெக்சஸில் காட்டுப்பன்றிக்குப் பஞ்சமில்லை. இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் சோளக்காடு ஏர் ஓட்டிப் போட்ட மாதிரி கிடக்கும். பிழைப்புக்கு நான் தட்டுவது கீபோர்டு. வார இறுதியில், டாலஸுக்குத் தெற்கே ஒரு பண்ணைக்கார நண்பரின் நிலத்தில் பன்றிக்குக் காவல். பன்னிரண்டு வருடத்தில், துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் டிஜிட்டல் ஸ்கோப் மூன்று மாற்றியாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (டாலஸ்): அண்ணா, பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே ஸ்கோப் என்கிறார்கள். உள்ளே அப்படி என்ன இருக்கிறது? படத்தில் வரும் பச்சை நைட் விஷன்தானா?

இல்லை தம்பி. இது கிட்டத்தட்ட செல்போன் கேமரா. முன்னால் லென்ஸ், அதன் பின்னால் சென்சார், கண்ணருகே கட்டைவிரல் நகம் அளவு ஒரு குட்டித் திரை. நீங்கள் பார்ப்பது பன்றியை அல்ல, பன்றியின் வீடியோவை. பேட்டரி தீர்ந்தால் துப்பாக்கி மேல் ஒரு கிலோ இரும்புதான் மிச்சம்.

சிலிக்கான் சென்சாருக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தெரியும். டிவி ரிமோட்டை போன் கேமராவுக்கு நேரே நீட்டி ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள், பல போன்களில் நுனியில் ஒரு வெளிச்சம் மின்னும். ஸ்கோப்போடு வரும் ஐஆர் (அகச்சிவப்பு) டார்ச் அதே மாதிரி ஒளியை வயல் முழுக்க அடிக்கிறது, ஸ்கோப் அதைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டுகிறது. பச்சையாகத் தெரியும் பழைய குழாய் வகை வேறு. அதைப் பட்டப்பகலில் மூடியைத் திறந்து வைத்தால் பாழாகிவிடும். டிஜிட்டலுக்கு அந்தப் பயமில்லை, சூரியனை நேராகக் காட்டாமல் இருந்தால் போதும். ஒன்று மட்டும்: பகலில் நிறம் கொஞ்சம் கோணலாக இருக்கும். சில ஸ்கோப்பில் புல்வெளியே லேசாக ரோஸ் கலரில் தெரியும். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இல்லாததுதான் காரணம். பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி (ஆஸ்டின்): பெட்டியில் '4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. 1080 மாடலைவிட இருநூறு டாலர் அதிகம். கொடுக்கலாமா சார்?

4கே, 1080 என்பதெல்லாம் சென்சாரில் எத்தனை பிக்சல் (படப்புள்ளி) என்ற கணக்கு. உங்கள் கண் பார்ப்பது திரையை. ஏடிஎன் எக்ஸ்-சைட் 4கே ப்ரோவில் சென்சார் 4கே, திரை 1280×720. சைட்மார்க் ரெய்த் எச்டியில் சென்சார் 1920×1080, திரை அதே 1280×720. ஹிக்மைக்ரோ ஆல்பெக்ஸ் 4கேயில் திரை 1920×1080. ஆகவே முதலில் திரையின் எண்ணைத் தேடிப் படியுங்கள், அது பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

4கே சென்சாரால் லாபமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜூம் செய்யும்போது அது உதவும். ஏனென்றால் டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதுதான். உருப்பெருக்கம் '4-32' என்று போட்டிருந்தால் 4 மட்டும்தான் லென்ஸ் தருவது, மீதி எல்லாம் ஊதல். நான் ராத்திரியில் 8-க்கு மேல் போவதே இல்லை. அதற்கு மேல் போனால் பன்றி சின்னச் சின்னக் கட்டங்களாகிவிடும்.

பன்றி வேட்டை பெரும்பாலும் 100 யார்டுக்குள் முடிந்துவிடும். ஆரம்ப உருப்பெருக்கம் 3 அல்லது 4 உள்ளதை எடுங்கள். 5-இல் தொடங்குவதை எடுத்தால் தெரியும் பரப்பு குறுகிவிடும், முதல் குண்டுக்குப் பிறகு கூட்டம் எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியாது.

கேள்வி (சான் அன்டோனியோ): புதிதாக வாங்கினேன். பகலில் ஊசி மாதிரிக் கூர்மை, ராத்திரி ஐஆர் போட்டால் எல்லாம் மங்கல். பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். என் முதல் ஸ்கோப்பை நானும் இதே காரணத்துக்குத் திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டேன்.

அன்று மாலை ஏழு மணிக்கு வேலிக்கம்பத்தில் முள்கம்பியின் முடிச்சுகளை எண்ணினேன், அவ்வளவு தெளிவு. இருட்டியது, ஐஆர் போட்டேன், அதே கம்பம் பஞ்சுத்திரி மாதிரி ஆகிவிட்டது. காரணம் எளிது. கண்ணாடியில் அகச்சிவப்பு ஒளி சாதாரண வெளிச்சத்தைவிடக் குறைவாக வளையும். அதனால் அது குவியும் இடம் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகும். பகலில் பிடித்த ஃபோகஸ் ராத்திரிக்குச் செல்லாது, இருட்டியதும் முன் வளையத்தைத் திருப்பி மறுபடி பிடிக்க வேண்டும்.

இரண்டு வளையங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்ணருகே இருக்கும் வளையம் உங்கள் பார்வைக்கானது. மெனுவைத் திறந்து எழுத்துகள் பளிச்சென்று தெரியும்வரை திருப்பிவிட்டு, பிறகு அதை மறந்துவிடுங்கள். முன்னால் இருப்பதுதான் தூரத்துக்கானது. அதில் வெள்ளை நகப்பூச்சால் இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன், ஒன்று பகல் 100 யார்டு, மற்றது ராத்திரி 100 யார்டு. நகப்பூச்சு காணாமல் போன விஷயம் வீட்டில் இன்னும் தெரியாது.

கேள்வி (ஹியூஸ்டன்): அண்ணே, ஐஆர் டார்ச்சில் 850, 940 என்று இரண்டு வகை போட்டிருக்கிறார்கள். எது வாங்க?

அது அலைநீளம், நானோமீட்டர் கணக்கு. 850 தூரம் போகும், ஆனால் டார்ச்சை நேருக்கு நேர் பார்த்தால் பீடி நெருப்பு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். 940 சுத்தமாகத் தெரியாது, ஆனால் சென்சாருக்கும் அது பாதிதான் தெரியும் என்பதால் தூரம் குறைந்துவிடும். நான் பார்த்தவரை பன்றி 850-ஐ லட்சியம் செய்வதில்லை. கொயோட்டி (இங்கத்திய நரி மாதிரி விலங்கு) சில சமயம் தலை தூக்கிப் பார்க்கும். பன்றிக்குத்தான் என்றால் 850 எடுங்கள்.

டார்ச்சின் அலைநீளத்தைவிட அதை எங்கே மாட்டுகிறீர்கள் என்பது முக்கியம். ஸ்கோப்புக்குக் கீழே மாட்டினால் ஒளி குழலிலும் சைலன்சரிலும் பட்டுத் திரும்பி வந்து கண்ணைக் கூசும். குப்புறப் படுத்துச் சுடும்போது இரண்டடி முன்னால் இருக்கும் புல் நுனி வெள்ளையாக எரியும். ஸ்கோப் அதைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும், பன்றி காணாமல் போகும். உயரத்தில் பக்கவாட்டில் மாட்டி, துப்பாக்கியை டிரைபாட் ஸ்டாண்டில் வைத்துச் சுடுங்கள். வண்டிக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், உங்கள் டார்ச் உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும்.

பனிமூட்டமோ புழுதியோ இருந்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான். அன்றைக்கு ஃபிளாஸ்க்கில் உள்ள காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கேள்வி (ஃபோர்ட் வொர்த்): அதற்குப் பேசாமல் தெர்மல் ஸ்கோப்பே வாங்கிவிடலாமே?

காசு இருந்தால் வாங்குங்கள், ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். தெர்மல் உடம்புச் சூட்டைப் பார்க்கும். வெளிச்சமே வேண்டாம், மெல்லிய மூட்டத்திலும் வேலை செய்யும், 400 யார்டில் புல்லுக்குள் ஒரு முயல் இருந்தாலும் வெள்ளைப் புள்ளியாகக் காட்டிக் கொடுக்கும். 'ஏதோ இருக்கிறது' என்பதில் அதை அடிக்க ஆளில்லை. 'என்ன இருக்கிறது' என்பதில்தான் மலிவான தெர்மல் கோட்டை விடும்.

ஒரு ஏப்ரல் ராத்திரி, 150 யார்டில் தெர்மலில் குட்டையாக, தடியாக ஒரு வெள்ளை உருவம் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் "பன்றி, அடி" என்றார். டிஜிட்டல் ஸ்கோப்பில் பார்த்தேன். காதில் பட்டை மாட்டிய கன்றுக்குட்டி, படுத்திருந்த தாய்ப்பசுவின் முதுகோடு ஒன்றாகக் கலந்து தெரிந்ததில் கால் தெரியவில்லை. அதைச் சுட்டிருந்தால் பணத்தோடு போயிருக்காது, அந்த நிலத்துக்குள் மறுபடி காலே வைத்திருக்க முடியாது.

என் ஏற்பாடு இதுதான். கழுத்தில் மலிவான தெர்மல் மோனாகுலர் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தூரநோக்கி), துப்பாக்கி மேல் டிஜிட்டல் ஸ்கோப். மோனாகுலரில் தேடுவது, ஸ்கோப்பில் அடையாளம் பார்ப்பது. தேடுவதற்கே ஸ்கோப்பைப் பயன்படுத்துகிறவர்கள் குழலை ஊர் முழுக்க நீட்டிக்கொண்டு திரிகிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணைக்காரர் தண்ணீர்க் குழாய் மூட வெளியே வந்திருப்பார். இன்னொன்று, ஐஆர் 150 யார்டு வரைதான் போகிறது என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் வீடும் தண்ணீர்த் தொட்டியும் ஸ்கோப்பில் வெறும் கறுப்பு. குண்டு அங்கேயும் போகும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே நிலத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி (டாலஸ்): 'ஒரே குண்டில் ஜீரோ' என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மையா?

ஜீரோ என்றால் குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்வது. விளம்பரத்தில் பொய் இல்லை. ஒரு குண்டு சுட்டு, படத்தை உறைய வைத்து, குறுக்குக்கோட்டைத் துளைக்கு மேல் நகர்த்திவிட்டால் ஜீரோ ஆகிவிடும். ஆனால் அந்த ஒரு குண்டை நீங்கள் சரியாகச் சுட்டீர்களா? நான் சுடவில்லை, விசையை இழுக்கும்போது தோள் நடுங்கிவிட்டது. அந்த நடுக்கத்தையே ஸ்கோப்புக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் பன்றிக்கு மேலே மேலே சுட்டுக்கொண்டிருந்தேன். மூன்று குண்டு சுட்டு அதன் நடுவை எடுங்கள். கோடு பிக்சல் பிக்சலாகத்தான் நகரும். ஒரு பிக்சலுக்கு 100 யார்டில் கால் அங்குலமும் இருக்கலாம், முக்கால் அங்குலமும் இருக்கலாம். அது ஸ்கோப்பைப் பொறுத்தது. வாங்கும் முன் கேளுங்கள்.

கேள்வி (ஆஸ்டின்): என்னிடம் இருப்பது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். .308 மாதிரி பெரிய ரைஃபிளின் உதையையே தாங்கும் ஸ்கோப் என்றால் இதற்குத் தாராளமாகப் போதும்தானே?

போதாது! .308 ஒரே திசையில் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பின்னால் உதைத்துவிட்டு உடனே முன்னாலும் உதைக்கும். பல ஸ்கோப் அந்த முன் உதையில்தான் சாகும். 'ஸ்பிரிங் ஏர்கன்னுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி (ஹியூஸ்டன்): பேட்டரி?

கழற்றி மாற்றும் வகை நல்லது. உள்ளேயே வைத்து மூடியது நீண்ட நேரம் ஓடும், ஆனால் சில வருடத்தில் சோர்ந்தால் ஸ்கோப்போடு சேர்த்துத்தான் சோரும். ஏஏ செல் போடும் ஸ்கோப்புக்கு ஜனவரிக் குளிரில் ஆல்கலைன் போடாதீர்கள், லித்தியம் போடுங்கள்.

கேள்வி (இர்விங்): சார், நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். ஸ்கோப் வாங்கலாமா? நண்பரோடு பன்றி வேட்டைக்குப் போகலாமா?

ஸ்கோப் வாங்க யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். துப்பாக்கியில்தான் வில்லங்கம். எச்1பி (வேலை), எஃப்1 (படிப்பு) மாதிரி குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ குண்டோ கையில் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) ஒரு மணி நேர வாடகைக்கு எடுப்பதும் அதில் சேர்த்தி. விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது ஒன்று: ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. 2019 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமமே தேவையில்லை. உங்கள் நண்பர், அமெரிக்கக் குடிமகன், "பன்றிக்கு எதற்கு லைசன்ஸ், சும்மா வா" என்பார். அவருக்கு அது சரி. நீங்கள் சும்மா போனால் விசாவும் கிரீன் கார்டு கனவும் சேர்ந்து போகும். உரிமத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

மான் ஆசையை ராத்திரியில் வளர்க்காதீர்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தோடு மான் வேட்டை முடிந்தது, உங்கள் ஸ்கோப் எவ்வளவு பிரமாதமாகக் காட்டினாலும் சரி.

கேள்வி (தேனி): தம்பி, இங்கேயும் மக்காச்சோளத்தைப் பன்றி அழிக்கிறது. வரும்போது ஒரு ஸ்கோப் கொண்டுவர முடியுமா?

மன்னிக்கணும் ஐயா, முடியாது. இந்த மாதிரிக் கருவிகளை அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோக ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது, பெட்டியில் வேட்டிக்கு நடுவே சுருட்டி வைக்கிற சாமான் இல்லை. கொண்டுவந்தாலும் உங்களுக்குப் பயன்படாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று அனுமதித்தது உண்மைதான். ஆனால் சுட வேண்டியது வனத்துறை. எந்த வழியில் எத்தனை மணிக்கு வருகிறது என்று காட்ட, ராத்திரியில் தானே படம் பிடிக்கும் டிரெயில் கேமரா ஒன்றை வரப்பில் கட்டுங்கள். அந்தப் படத்தோடு வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

கேள்வி (ஃபோர்ட் வொர்த்): துப்பாக்கி இருக்கிறது, கையில் 800 டாலர் இருக்கிறது. எப்படிப் பிரிக்கலாம் அண்ணா?

400 முதல் 500-க்குள் 1080 சென்சார் ஸ்கோப். கூடவே வரும் டார்ச் பெரும்பாலும் பேருக்குத்தான், அதனால் ஒளியைக் குவித்தும் விரித்தும் அடிக்கிற தனி 850 டார்ச்சுக்கு 100 ஒதுக்குங்கள். ஸ்கோப்பைக் கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாயங்காலமாகப் போய், வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடாத கடையில் திருப்பித் தரும் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் உறுதியான மவுண்ட், லித்தியம் செல், மெமரி கார்டு எல்லாம் சேர்ந்து ஒரு 80 ஆகும். மிச்சத்துக்குக் குண்டு வாங்கி, ராத்திரி போகும் முன் நாலு வாரம் பகலில் ரேஞ்சுக்குப் போங்கள். தெர்மல் மோனாகுலரை அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை தேடும் வேலைக்கு என்னுடையதை வாங்கிக்கொண்டு போங்கள்.