850 அடி போர் காற்று வாங்குகிறது, 140 தென்னை: இன்னொரு போர் போடலாமா?

கேள்வி: உடுமலை வட்டம், குடிமங்கலம் பக்கம் 2 ஏக்கர் செம்மண் தோப்புங்க. 18 வயது தென்னை 140 நிற்கிறது. போர் 850 அடி. தை மாதத்திலிருந்து மோட்டார் 40 நிமிடம்தான் ஓடுகிறது, அப்புறம் காற்று வாங்குகிறது. இரண்டு மணி நேரம் விட்டால் மறுபடி 40 நிமிடம். 200 லிட்டர் டிரம் நிறைய 7 நிமிடம் ஆகிறது. வாய்க்காலில் விட்டால் ஒரு நாளைக்கு எட்டு மரம் தாண்டவில்லை. குரும்பை கொட்டுகிறது, அடி ஓலை தொங்குகிறது. பக்கத்துத் தோட்டத்தில் 1,150 அடி போட்டு இரண்டு இஞ்ச் தண்ணீர் பார்த்துவிட்டார்கள். நகையை வைத்து நாமும் 1,200 அடி போடலாமா? இரண்டு மாடு, 10 சென்ட் சீமைப்புல், வற்றிப்போன பழைய கிணறு ஒன்றும் உண்டு.

பதில்: வணக்கம்ங்க. நகையை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள். டிரம் வைத்து நீங்களே அளந்து எழுதியதால் பாதி வேலை முடிந்தது, நிறையப் பேர் "தண்ணி கம்மியா வருதுங்க" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். 7 நிமிடத்துக்கு 200 லிட்டர் என்றால் 40 நிமிடத்தில் சுமார் 1,140 லிட்டர். ராத்திரியும் பகலுமாக நான்கு முறை ஓட்டினால் ஒரு நாளைக்கு 4,500 லிட்டர் வரும். மேற்கு மாவட்டத் தென்னைக்கு மாசியிலிருந்து வைகாசி வரை சொட்டுநீரில் மரத்துக்கு ஒரு நாளைக்கு 65 லிட்டர், ஓரளவு தட்டுப்பாடு என்றால் 45, கடும் தட்டுப்பாடு என்றால் 22 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 140 மரத்துக்கு 22 வீதம் 3,080 லிட்டர்தான். அதற்கு மேலேயே உங்கள் போர் தருகிறது! எட்டு மரத்தோடு நின்றுபோவதற்குக் காரணம் போர் இல்லை, வாய்க்கால். அந்தச் சின்ன ஓட்டத்தில் செம்மண் வாய்க்காலே நல்ல பங்கைக் குடித்துவிடும், மிச்சம் ஒரே மரத்தடியில் தேங்கி வேருக்குக் கீழே இறங்கிவிடும், ஒரு மரத்துக்கு மறுமுறை வருவதற்குள் 17, 18 நாள் ஓடிவிடும்.

புது போர் விஷயம். நம்ம பக்கம் பாறைப் பூமி. மேலே மக்கிய பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும், ஆழம் போகப் போக வெடிப்பு குறையுமே தவிர அதிகமாகாது. பக்கத்துக்காரருக்குக் கிடைத்தது அவர் பிட் போன இடத்தில் ஒரு வெடிப்பு மாட்டியதால், 200 அடி தள்ளி உங்களுக்கு வெறும் புகை மட்டும் வரலாம். அதே வெடிப்பு உங்களுக்கும் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள், ஒரே தண்ணீரை இரண்டு பேரும் இழுப்பீர்கள், அடுத்த கோடையில் இரண்டு மோட்டாரும் காற்று வாங்கும். ஆழத்துக்கு ஏற்ப அடிக்கு ரேட்டும் ஏறும், மோட்டார் ஹெச்பியும் ஏறும். போட்டே தீர்வேன் என்றால், கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரிடம் கொடுக்கும் காசுக்கு, வேளாண்மைப் பொறியியல் துறையில் கட்டணம் கட்டி, பூமிக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை முறையில் நிலத்தடி நீர் ஆய்வாவது செய்து பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த வருடம் வேண்டாம்.

முதலில் மோட்டார். காற்று வாங்கும் வரை ஓட்டாதீர்கள், மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். டைமரும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிறுத்தும் ரிலேவும் ஸ்டார்ட்டரில் மாட்டி, 35 நிமிடத்தில் நிற்கிற மாதிரி வையுங்கள். வரும் தண்ணீர் நேராகத் தோப்புக்குப் போகக்கூடாது, மூடி போட்ட 5,000 லிட்டர் தொட்டியில் விழட்டும். தார்ப்பாய் விரித்த திறந்த குட்டை இந்தச் சின்ன அளவுக்குச் சரிப்படாது, பங்குனி வெயிலும் காற்றும் சேர்ந்து உறிஞ்சிவிடும்.

தொட்டியிலிருந்து சின்ன மோட்டார், வடிகட்டி வழியாகச் சொட்டுநீர். மரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நான்கு பக்கமும் ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுங்கள். ஒவ்வொன்றிலும் 40 சென்டிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டைச் சாய்வாக வைத்து, டிரிப்பரை (தண்ணீர் சொட்டும் முனையை) அதற்குள் விட்டு, குழியைத் தென்னை நார்க்கழிவால் நிரப்பிவிடுங்கள். தண்ணீர் ஒரு அடிக்குக் கீழே போய்ச் சொட்டும், மேல்மண் காய்ந்து கிடக்கும், அதைப் பார்த்து "தண்ணி போகலையோ" என்று பயப்பட வேண்டாம். மணிக்கு 8 லிட்டர் டிரிப்பர் நான்கு போட்டால் 40 நிமிடத்தில் 21 லிட்டர் ஆகிவிடும். ஆழத்துத் தண்ணீரில் உப்பு இருந்தால் டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும், வாரம் ஒருமுறை நாலு டிரிப்பரை வெளியே இழுத்துப் பாருங்கள். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்றோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தொட்டிக்கும் மானியம் கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள்.

மானியம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தியை மூடுங்கள். 100 தேங்காய் மட்டையின் முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கலாம், அல்லது காய்ந்த ஓலை 15, அல்லது நார்க்கழிவு 10 சென்டிமீட்டர் கனத்துக்கு. இதைச் செய்யாமல் சொட்டுநீர் மட்டும் போட்டுப் பயனில்லை. ஓலை போட்டால் கறையான் வரும், கண் வைத்திருங்கள். தொங்கும் காய்ந்த ஓலையை வெட்டி அதே பாத்தியில் போடலாம், பச்சை ஓலையைத் தொடாதீர்கள்.

அப்புறம் அந்தச் சீமைப்புல். பத்து சென்ட்தானே என்று நினைப்பீர்கள். கோடையில் அந்தப் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலே 2,000 லிட்டர், அதாவது 90 தென்னையின் பங்கை இரண்டு மாட்டுக்காகக் கொடுக்கிறீர்கள். கோடை முடியும்வரை சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போடுங்கள், அதுதான் மலிவு. கட்டையை விட்டால் மழைக்குப் புல் தானாகத் துளிர்க்கும்.

லாரித் தண்ணீர், மரம் சாகும் கட்டத்தில் மட்டும். எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், சாயப்பட்டறை ஓரத்துத் தண்ணீர் என்றால் வேண்டவே வேண்டாம். கழுத்துச் சிறுத்து, ஏற்கெனவே காய்க்காமல் நிற்கும் மரங்களைக் கழித்துவிட்டால் அந்தப் பங்கு மற்றதுக்குப் போகும்.

பழைய கிணற்றை மூடிவிடாதீர்கள். 5 சென்டிமீட்டர் மழை ஒன்று பெய்தால் உங்கள் 2 ஏக்கரில் மட்டும் 4 லட்சம் லிட்டர் விழுகிறது. வரப்பை உயர்த்தி, சரிவின் கடைசியில் கூழாங்கல்லும் மணலும் போட்ட வண்டல் குழி ஒன்று எடுத்து, அதில் தெளிந்து வழிவதைக் கிணற்றுக்குள் விடுங்கள். ஓடுகிற போருக்குள் நேராக விடக்கூடாது, சேறு அடைத்துவிடும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசனத்தில் நிலம் இருந்தால், உங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் திறக்கும் சமயத்திலும் இதே கிணற்றில் ஊற்று ஏறுகிறதா பாருங்கள்.

குரும்பை கொட்டுவது இந்தக் கோடையோடு நிற்காது. பாளை மரத்துக்குள் உருவாகிக் காய் முற்ற மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், ஆக இப்போதைய வறட்சியின் அடி அடுத்த இரண்டு மூன்று வருடக் காய்ப்பிலும் தெரியும். 2016 வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்த பிறகு நம்ம பக்கத் தோப்புகள் பட்ட பாடு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அதனால் சொட்டுநீர் போட்ட மறுமாதமே காய் ஏறவில்லை என்று விட்டுவிடாதீர்கள். காய்ந்த மண்ணில் உரம் வைக்காதீர்கள். மழை பெய்து ஈரம் வந்ததும் வருடத்துக்கு மரத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பதை இரண்டாகப் பிரித்து வையுங்கள், பொட்டாஷைக் குறைக்க வேண்டாம், வறட்சியைத் தாங்க அதுதான் கை கொடுக்கும்.