பெயர் பள்ளியில், பிள்ளை வீட்டிலா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகளுக்கு 8 வயது, மூளை முடக்குவாதம். வாக்கர் பிடித்து நடப்பாள், நன்றாகப் பேசுவாள். சான்றிதழில் 65 சதவீதம். அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் 'தினமும் அனுப்ப வேண்டாம், வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வருவார்' என்கிறார் தலைமை ஆசிரியர். என்ன செய்யலாம்?"

தலைமை ஆசிரியர் சொல்வது வீட்டுவழிக் கல்வி. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அது பல்வகைக் குறைபாடோ, 80 சதவீதத்துக்குக் குறையாத கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கு. அதுவும் அவர்கள் விரும்பினால்தான். பள்ளி முடிவு செய்கிற விஷயமே இல்லை. 65 சதவீதம் என்றால் அந்தப் பேச்சே எழக் கூடாது.

சரி, உடனே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். "பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவது என்றுதானே யோசிக்கிறீர்கள், சார்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை, தயங்குகிற பள்ளிகள் பலவற்றில் வாய்விட்டுச் சொல்லாத காரணம் கழிப்பறைதான். ஒரு கமோடு நாற்காலியும் சுவரில் கைப்பிடியும் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு பைசா செலவில்லை. சாய்தளம் கட்டினால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிப் படிக்கு 18 அடி. ஆறடியில் முடித்துவிட்டு 'சாய்தளம் இருக்கிறது' என்பார்கள், அது சறுக்குமரம்!

இவற்றைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவைக் குறிப்பிட்டால் போதும். இன்னொரு நகல் வட்டார வள மையத்துக்கு (சிறப்புப் பயிற்றுநர்களை அனுப்புகிற கல்வித் துறை அலுவலகம்). போக்குவரத்துப் படி, துணையாளர் படி பற்றியும் அங்கேயே கேளுங்கள். அசையவில்லை என்றால் திங்கள்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு. (ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் பழக்கத்தில் வேலூருக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். 2019 மாவட்டப் பிரிவினைக்குப் பிறகு உங்களுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர்.)

அப்புறம், அந்தச் சிறப்புப் பயிற்றுநரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கு வருகிற நாளில் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். நாற்காலி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், பென்சிலை எப்படித் தடிமனாக்குவது, எழுத எவ்வளவு நேரம் கூடுதலாகத் தருவது என்று வகுப்பு ஆசிரியருக்குக் காட்ட வேண்டியவர் அவர்தான்.