கீழ்த்தட்டு அறையில் கோல்ஃப்: மெஷினுக்கு முன்னே சுவரைப் பாருங்கள்

கேள்வி: நுவரெலியாவில் சரிவில் கட்டிய வீடு எங்களுடையது. பாதையிலிருந்து பார்த்தால் ஒரு தட்டு, பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு. கீழ்த்தட்டு அறை சும்மா கிடக்கிறது. நீளம் 20 அடி, அகலம் 13 அடி, உயரம் 8 அடி 4 அங்குலம். அப்பா கோல்ஃப் மைதானத்தில் பல வருடம் கெடியாக, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவராக, இருந்தவர். இப்போது முழங்கால் வலி, மைதானத்தில் ஏறி இறங்க முடிவதில்லை. கனடாவில் இருக்கும் அண்ணன் தன் வீட்டு நிலவறையில் கோல்ஃப் சிமுலேட்டர் வைத்திருக்கிறார்: பந்தைத் திரையில் அடித்தால், ஒரு கருவி அதை அளந்து, மைதானத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டும். அப்பாவுக்கும் அதேபோல ஒன்று போட்டுக் கொடு என்று சாமான் பட்டியலும் அனுப்பிவிட்டார். முதலில் எதை வாங்குவது?

பதில்: முதலில் எதையும் வாங்க வேண்டாம். ஒரு சோடி தோல் சப்பாத்தை அந்த அறையில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் பூத்தால், அண்ணனின் பட்டியலில் உள்ள பாதிச் சாமானுக்கும் அதே கதிதான்.

அண்ணனைக் குறை சொல்லவில்லை. கனடாவில் நிலவறையும் வீட்டோடு சேர்ந்து சூடாகிவிடும். நம்முடையது மலையை வெட்டி இறக்கிய அறை. ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால் மண், மண்ணுக்குள் தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் மூடுபனி.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன், பெரிய செலவில்லை. ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பொலித்தீனை மண்பக்கச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி மூடுங்கள். தரையிலும் ஒன்று. ஒரு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனுக்கு உள்ளே, சுவர்ப் பக்கம் நீர்த்துளி நின்றால் மண்ணிலிருந்து ஈரம் சுவறுகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. முதலாவதுக்கு உள்ளே பெயின்ட் அடித்துப் பிரயோசனமில்லை. "வோட்டர் புரூஃப்" என்று எழுதிய வாளியைக் கடைக்காரர் நீட்டுவார், வாங்காதீர்கள். பின்னால் தள்ளும் தண்ணீர் அந்தப் பூச்சையே கொப்புளம் போடவைத்து உரித்துவிடும். வெளியே சுவருக்குப் பின்னால் வடிகால் போட வேண்டும், கூரைப் பீலித் தண்ணீரைத் தூரமாகக் கொண்டுபோய் விட வேண்டும், தாங்குசுவரின் வடிதுளைகள் அடைபட்டிருந்தால் திறக்க வேண்டும். இது மேசன் பாஸின் வேலை, கோல்ஃப் கடையின் வேலை அல்ல.

இரண்டாவது வகை ஈரத்துக்கு ஈரம் உறிஞ்சும் மெஷின் உதவும். ஆனால் வாங்கும்போது கவனம். சந்தையில் அதிகம் கிடைப்பது கம்ப்ரெசர் வகை. அது கொழும்புக்கு நல்லது. 15 பாகைக்குக் கீழே போனால் அதன் குழாயில் பனி பிடித்து, ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் சேராது. நுவரெலியா இரவுக்கு உறிஞ்சுபொருள் உருளை உள்ள வகையே சரி. மின்சாரம் கூடுதலாகத்தான் தின்னும். கூடவே சின்ன ஈரப்பதமானி ஒன்றும் வாங்கி, முள் 60 வீதத்துக்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கி அனுப்பும் மெஷின் என்றால் அது 120 வோல்ட்டா என்று பின்பக்க ஸ்டிக்கரில் படிக்கச் சொல்லுங்கள். ப்ரொஜெக்டர், கணினி எல்லாம் பெரும்பாலும் 100 முதல் 240 வரை தாங்கும். மோட்டர் ஓடும் சாமான் அப்படியல்ல, நம் 230இல் செருகிய நிமிடமே புகைந்துவிடும்.

இனி உயரம். இதுதான் உங்கள் அறையின் உண்மையான சிக்கல். ட்ரைவரை, அதாவது தூர அடிக்கான நீண்ட மட்டையை, முழுதாக வீச 9 அடி வேண்டும், 10 அடி இருந்தால் நிம்மதி. உங்களிடம் 8 அடி 4 அங்குலம். அதிலும் பாய்விரிப்பின் தடிப்பு ஒன்றரை இரண்டு அங்குலம் போய்விடும். அப்பா குள்ளமானவராக இருந்தாலும் ட்ரைவர் நுனி கொங்கிரீட்டைத் தொடக்கூடும். தொடாவிட்டாலும், தொட்டுவிடுமோ என்ற பயத்தில் வீச்சே கெட்டுப்போகும். மூடிய கீழறைகளில் இரண்டாவதுதான் அதிகம் நடப்பது. அப்பாவைக் கையில் மட்டையோடு நிற்கவைத்து, மெதுவாக ஒரு முழு வீச்சு வீசச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று இடைவெளியைப் பாருங்கள். 7ஆம் நம்பர் அயர்ன் ட்ரைவரைவிட ஏழெட்டு அங்குலம் குட்டை, அது பெரும்பாலும் தப்பும். முழங்கால் வலிக்காரருக்கு அயர்னும், வெட்ஜ் என்ற குட்டை மட்டையும், பந்தை உருட்டும் பட்டிங்கும் தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம்.

"தரையை ஓரடி தோண்டி இறக்கினால் என்ன?" என்று கேட்க நினைப்பீர்கள். வேண்டாம். சரிவில் நிற்கும் வீட்டின் தாங்குசுவருக்கு அந்தத் தரையும் ஒரு முட்டு. அடியில் மண்ணை எடுத்தால் சுவரின் கால் வெளியே வந்துவிடும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்துக்குச் செய்ததைப் பார்த்தபிறகு இதை விளக்க வேண்டியதில்லை. தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தையும் ஒரு பொறியியலாளரையும் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

நீளம் 20 அடி போதும். திரைக்கும் சுவருக்கும் இடையில் ஓரடி விட வேண்டும். திரை சுவரில் ஒட்டிக் கிடந்தாலோ விறைப்பாக இழுத்துக் கட்டினாலோ பந்து திரும்பி உங்கள் நெற்றிக்கே வரும். திரையிலிருந்து பந்து 10 அடி. மிச்சம் 9 அடி ஆளுக்கும் கருவிக்கும். இங்கேதான் பந்தை அளக்க எந்த வகைக் கருவி என்ற கேள்வி. ராடர் வகை பந்துக்குப் பின்னால் ஆறு முதல் எட்டு அடி தள்ளி உட்காரும், பந்து முன்னால் எட்டு அடியாவது பறப்பதைப் பார்க்க வேண்டும். 2021இல் 600 டொலருக்கு வெளிவந்த கார்மின் ஆர்10 இந்த வகை. கமரா வகை பந்துக்குப் பக்கத்தில் தரையில் இருந்து, அடிபடும் நொடியைப் படமெடுத்துக் கணக்குப் போடும். உங்கள் அறையில் இரண்டும் பொருந்தும், ராடர் வகைக்குக் கொஞ்சம் நெருக்கம். இடக்கை ஆட்டக்காரர் வீட்டில் இருந்தால் 13 அடி அகலம் தொல்லை. இல்லையென்றால் அதை விடுங்கள்.

கருவிக்குப் பணம் கொட்டி, பாய்விரிப்பை மலிவாக வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கொங்கிரீட்டின் மேல் மெல்லிய பாயில் நூறு பந்து அடித்தால் அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகும். அறுபது தாண்டியவருக்கு அது மாதக்கணக்கில் நோகும். அடிக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு நல்ல பாய் வெளிநாட்டிலிருந்து வரட்டும். நிற்கும் மேடைக்கு இங்கேயே தடித்த றப்பர் விரிப்பு வாங்குங்கள். றப்பர் விளையும் நாட்டில் இருந்துகொண்டு அதைக் கப்பலில் கொண்டுவரத் தேவையில்லை.

திரைக்குப் பதில் வலையில் தொடங்கினால் செலவு குறையும், நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் கிரிக்கெட் வலை வேண்டாம். 50 மில்லிமீற்றர் கண்ணுள்ள வலைக்குள் 43 மில்லிமீற்றர்கூட இல்லாத கோல்ஃப் பந்து விழாவுக்குப் போவதுபோல நுழைந்து போகும்.

ப்ரொஜெக்டரைக் கடைசிக்கு வையுங்கள். எறிவிகிதம் என்று பெட்டியில் ஓர் எண் இருக்கும்: படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால் எவ்வளவு தூரத்தில் மாட்ட வேண்டும் என்று வரும். 10 அடிப் படத்துக்கு 0.5 என்றால் ஐந்து அடி. ஆட்டக்காரரின் நிழல் திரையில் விழாமலிருக்க இப்படிக் குறுகிய தூர வகைதான் வேண்டும். ஒளி 3000 லூமனுக்குக் குறையாமல் இருக்கட்டும். நம்மூருக்கென்றே இன்னொன்றும் உண்டு. பல ப்ரொஜெக்டர்களில் "உயரமான இடம்" என்று ஒரு அமைப்பு இருக்கும், 1500 மீற்றருக்கு மேல் அதைப் போட்டுவிடச் சொல்வார்கள். காற்று மெல்லியதென்பதால் விசிறி வேகமாகச் சுற்றினால்தான் சூடு தணியும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர். இதைப் போடாமல் ஓட்டி, "ப்ரொஜெக்டர் தானாக நிற்கிறது" என்று எனக்கு எழுதாதீர்கள். இதமாக ஒரு அறிவுரையும் உண்டு: தென்மேற்குப் பருவம் ஒன்று முழுதாகக் கடக்கட்டும். வலை, பாய், சின்னக் கருவி, போன் திரை என்று அந்த மழைக்காலத்தை ஓட்டுங்கள். சுவர் காய்ந்து நின்றால் அப்புறம் ப்ரொஜெக்டர்.

கணினியைப் பற்றி ஒரு வரி. ஜிஎஸ்ப்ரோ போன்ற சிமுலேட்டர் மென்பொருளுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் கணினி வேண்டும், வருடத்துக்கு 250 டொலர் சந்தாவும் கட்ட வேண்டும். அண்ணன் பட்டியலில் இந்தச் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறேன். இணைய விளம்பரத்தில் ஒருவர் சிமுலேட்டர் செட் முழுதாக விற்கிறார். "பாவித்தது குறைவு, அட்வான்ஸ் போட்டால் வீட்டுக்கே அனுப்புகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் போடாதீர்கள், பஸ் எடுத்துப் போய்ப் பாருங்கள். உங்கள் பந்தும் மட்டையும் கொண்டுபோய்ப் பத்து முறை அடித்து, கருவி பத்தையும் பதிகிறதா என்று எண்ணுங்கள். இரண்டு மூன்றைத் தவறவிட்டால் விலை பேசாமலே திரும்பலாம்.

அதைவிட முக்கியம் கருவியின் இணையக் கணக்கு. இந்தக் கருவிகளில் சில, சந்தா இல்லாவிட்டால் பாதி எண்களைக் காட்டாது. சில முதல் உரிமையாளரின் மின்னஞ்சலோடு பூட்டிக் கிடக்கும். விற்பவர் உங்கள் கண்முன்னே தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கி, நீங்கள் உங்கள் போனில் சேர்த்துப் பார்த்தபிறகே காசு. இதை நான் எப்படிக் கற்றேன் என்றால், ஒரு முறை நான் வாங்கிய பழைய உடற்பயிற்சிக் கடிகாரம் இன்றுவரை வேறு யாருடைய பெயரையோ காலை வணக்கத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறது.

திரையை விரித்து நடுவில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், நூல் இழுபட்டு மெலிந்த இடம் ஒளிவிடும். ப்ரொஜெக்டர் கண்ணாடிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். அதைத் துடைத்துச் சரிசெய்வார்கள் என்று நம்ப வேண்டாம். உங்கள் பக்கம் மழை வடகீழ்ப் பருவத்தில்தான் கொட்டும், ஆகையால் மேலே சொன்ன சுவர்ச் சோதனையை டிசம்பர் ஜனவரியில் செய்யுங்கள்.

கேள்வி: புதிய கருவி வாங்கி மூன்று மாதம். வீட்டில் என் ட்ரைவர் அடி 200 யார் என்கிறது. நுவரெலியா மைதானத்தில் அடித்தால் 214, 215 போகிறது. கருவி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுத்தால் கடைக்காரர் சிரிப்பார். அறைக்குள் பந்து பறப்பது பத்து அடி மட்டுமே. மிச்சம் 590 அடியைக் கருவி கணக்குப் போட்டுச் சொல்கிறது. கடல்மட்டக் காற்றை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் பந்து ஏறத்தாழ ஒரு வீதத்துக்குச் சற்று மேலாகத் தூரம் போகும் என்பது கோல்ஃப்காரர்களின் பழைய கணக்கு. நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். நீங்கள் சொல்லும் ஏழு வீதம் அப்படியே பொருந்துகிறது. உண்மையில் உங்கள் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. மென்பொருளின் அமைப்பில் உயரம் என்ற இடத்தில் 6100 அடி என்று போடுங்கள். உயரம் குறைந்த திகன விக்டோரியா மைதானத்துக்கு ஆட வரும்போது அதைக் குறைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கருவி சொன்ன தூரத்தைவிட எல்லா அடியும் குட்டையாக விழும்.

கேள்வி: கண்டியில் ஒரு கடையில் சிமுலேட்டருக்கென்று ப்ரொஜெக்டர் வாங்கினேன். பதினாறாம் நாள் படம் மஞ்சளாகிவிட்டது. வொரண்டி ஒரு வருடம். "மழைக்கால ஈரத்துக்கு வொரண்டி இல்லை" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வொரண்டி அட்டையை எடுத்து அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று படியுங்கள். இல்லையென்றால் வாயால் சொன்னது செல்லாது. பழுதுக்குக் காரணம் ஈரம்தான் என்று அவர்கள் எழுத்தில் தரட்டும் என்று கேளுங்கள். எழுதச் சொன்னதும் பல கடைகளின் குரல் மாறும். மாறாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம், அழைப்பு எண் 1977. தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் "அடுத்த வாரம் வாங்க, பார்ப்போம்" என்று இழுத்தடிப்பது இந்த மூன்று மாதத்தைத் தின்பதற்கும்தான்.

கடிதத்தோடு பற்றுச்சீட்டின் பிரதி, வொரண்டி அட்டையின் பிரதி, மஞ்சளான படத்தின் போட்டோ வையுங்கள். மூலப் பற்றுச்சீட்டைக் கடையில் "பார்த்துவிட்டுத் தருகிறோம்" என்று கேட்டால் கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டுங்கள்.